வலது காலில் கியர்

அந்த வீட்டின் முன்னறையில், சோபாவுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில், ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. வந்தவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போய்த்தான் உட்கார வேண்டும். அதை அழகு என்று யாரும் சொன்னதில்லை. சொல்லும்படியாகவும் அது இல்லை; முதல் ஆறு மாதம் அதற்குச் சக்கரமே கிடையாது.

அதைப் பாகம் பாகமாகப் பூட்டிக்கொண்டிருந்தவளை அக்கம்பக்கத்தில் செட்டக்கா என்பார்கள். பல் செட் செய்வது அவள் தொழில். மூன்று பல் மருத்துவர்கள் நோயாளிகளின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். பின்னறையில் உட்கார்ந்து அவள் அதற்குப் பல் கட்டிக் கொடுப்பாள். இருபத்திரண்டு வருஷ வேலை. ஊரில் பாதிப் பேர் அவள் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள் என்று கணவன் சொல்வான். அவன் ஜன்னல் திரை தைக்கிறவன். எதையும் திரைத்துணிக்கு வைப்பதுபோல் இரண்டு மடங்கு சுருக்கம் வைத்து, பெரிதாக்கித்தான் சொல்வான். உள்ளபடி எண்ணினால் ஒரு தெரு தேறும்.

அவளுடைய இடது கணுக்கால் மடங்காது. ஒன்பது வயதில் பள்ளிக்கூடப் படிக்கட்டில் விழுந்தாள். எலும்பு ஒட்டியபோது மூட்டும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. நடப்பாள், மாடி ஏறுவாள், கிளம்பிவிட்ட பேருந்தை ஓடிப் பிடிப்பாள். பாதத்தை மேலும் கீழும் ஆட்ட மட்டும் வராது. அதனால் அவளுக்கு இல்லாமல் போனவை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் ஒன்று மோட்டார் சைக்கிள்.

காரணம் எளிது. கியர் இடது காலில் இருக்கிறது. கால் விரலை அந்த மிதிக்குக் கீழே நுழைத்துத் தூக்க வேண்டும். அவளுக்குப் பதினேழு வயதானபோது அண்ணன் புது வண்டி வாங்கி, தெருவில் இருந்த எல்லாருக்கும் மைதானத்தில் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். அவள் முறையும் வந்தது. குதிகாலால் தட்டிப் பார்த்தாள். முழங்காலையே தூக்கிப் பார்த்தாள். வண்டி முன்னால் ஒரு குதி குதித்துவிட்டு நின்றுபோகும். எத்தனை முறை என்று கணக்கில்லை. அண்ணன் பொறுமைசாலி, திட்டவில்லை. வெயில் ஏறிய பிறகு, “உனக்கு இது ஒத்து வராதும்மா. பின்னாடி உக்காரு, நான் கூட்டிட்டுப் போறேன்” என்றான். அன்பாகத்தான் சொன்னான். அன்பாகச் சொன்னதால் எதிர்த்துப் பேச அவளுக்கு வழியில்லாமல் போயிற்று. அதட்டியிருந்தால் அன்றே இன்னும் நூறு முறை முயன்றிருப்பாள்.

பிறகு அண்ணன் பின்னால் உட்கார்ந்தாள். கல்யாணத்துக்குப் பின் கணவன் பின்னால் உட்கார்ந்தாள். கியர் இல்லாத ஸ்கூட்டர் வந்ததும் அதை வாங்கி, பல் டப்பாக்களை வைத்துக்கொண்டு மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்வந்தாள். அவளுடைய உரிமத்தில் எல்லா இருசக்கர வண்டிகளும் அடங்கும், கணுக்கால்தான் அடங்கவில்லை. அதை நினைத்து அவள் கண்ணைக் கசக்கியதில்லை. ஆனால் தெருவில் மோட்டார் சைக்கிள் போனால் மற்றவர்கள் வண்டியைப் பார்க்கும்போது, அவள் ஓட்டுகிறவரின் இடது காலைப் பார்ப்பாள்.

அண்ணன் பதினான்கு வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டு வேலைக்குப் போனபோது ஏழு அட்டைப்பெட்டிகளை அவள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். உள்ளே இருந்தது ஒரு பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள். ஐந்நூறு சிசி, ஒற்றை சிலிண்டர். யாரோ பாதி கழற்றி வைத்திருந்ததை வாங்கி, மீதியை அவன் கழற்றியிருந்தான். கழற்றுவதில் அவனுக்கு இருந்த சுறுசுறுப்பு பூட்டுவதில் என்றைக்கும் இருந்ததில்லை. “பத்திரமா வெச்சிரு, வந்து பாத்துக்கறேன்” என்றான். பெட்டிகள் பின்பக்கத்து பால்கனியில் கிடந்தன. அவற்றின் மேல் வெங்காயக் கூடை வந்தது, பிறகு மகளின் பழைய சைக்கிள், பிறகு உடைந்த மின்விசிறி.

புது வாஷிங் மெஷின் வந்த நாளில்தான் எல்லாம் தொடங்கியது. அதைச் சுமந்து வந்த இருவரும் மூச்சு வாங்க நிற்க, இடம் ஒழிக்க அவள் பெட்டிகளை இழுத்தாள். ஒன்றின் அடி பிய்ந்து, நட்டும் போல்ட்டும் தரையெல்லாம் உருண்டன. கூடவே எண்ணெய்க் கறை படிந்த ஒரு கையேடு விழுந்து விரிந்தது. பக்கம் முழுக்க ஒரு படம். பாகங்களுக்கு எண் போட்டிருந்தது. அவள் மூடப் போனவள் மூடவில்லை. எண்ணைப் பார்த்தாள், கீழே பெயரைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். படம் இடம் வலம் மாறி அச்சாகியிருக்குமோ என்று விளக்கில் எழுதியிருந்த எழுத்தைக்கூடச் சரிபார்த்தாள். மாறவில்லை.

கணவனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“இந்தப் படத்துல இது வலது பக்கம்தானே?”

அவன் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தான். “வலதுதான். அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டியெல்லாம் அப்படித்தான். கியர் வலது கால், பிரேக் இடது கால். நம்மள மாதிரி ஆளு ஏறினா நேரா சுவத்துலதான்” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குழாய் எட்டுகிறதா என்று பார்க்கப் போய்விட்டான்.

அவள் முக்காலியில் உட்கார்ந்து வலது பாதத்தைத் தூக்கினாள், இறக்கினாள். அது நன்றாகவே மடங்கியது. நாற்பத்தாறு வருஷமாக மடங்கிக்கொண்டுதான் இருந்தது. இடது காலுக்கு மிச்சமிருப்பது பிரேக். பிரேக்கை அழுத்தினால் போதும், தூக்க வேண்டாம். அழுத்துவது தொடையின் வேலை. சரியான பக்கம் என்று நாம் சொல்வது பல பேருடைய கால்கள் சேர்ந்து எடுத்த முடிவு. அந்த முடிவு எடுக்கப்படும் முன் செய்த வண்டி ஒன்று தன் பால்கனியில் வெங்காயக் கூடைக்கு அடியில் கிடந்திருக்கிறது என்பது அவளுக்குச் சிரிப்பாக வந்தது. மெஷினைச் சுமந்து வந்தவர்களில் ஒருவர், அதை எங்கே வைப்பது என்று மூன்றாம் முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டு, பெட்டியில் இருப்பதைப் பூட்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள். அவன் சிரித்தான். பூட்டிப் பாரு, பொழுது போகும் என்றான். எதற்கு என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. முன்னாலேயே சொன்னால் அது ஒரு வேண்டுகோளாகிவிடும். அவனுக்கு இரக்கம் வரும். இரக்கம் வந்தவன் என்ன செய்வான் என்பதை அவள் ஒரு முறை மைதானத்தில் பார்த்திருக்கிறாள். கணவனிடம் மட்டும் சொன்னாள். அவன் நூல் கோர்ப்பதை நிறுத்தி அவள் காலை ஒரு தரம் பார்த்தான். பிறகு கேட்டதெல்லாம், “முன்னறையிலயா?” என்பதுதான்.

பல் கட்டுகிற கைக்கு எஞ்சின் அவ்வளவு அந்நியமாக இல்லை. வாய்க்குள் பல் ஒரு அரிசிப் பருமன் உயர்ந்தாலும் மனிதன் சாப்பிட மாட்டான். வால்வும் அப்படித்தான் என்று அவள் கண்டுகொண்டாள். அந்த வண்டியின் நட்டுகளுக்கு வழக்கமான ஸ்பேனர் எதுவும் பொருந்தவில்லை. அவற்றுக்கென்று வேறு அளவு. நல்லவேளை, நான்காவது பெட்டியில் ஒரு துணிச்சுருளுக்குள் அந்த அளவு ஸ்பேனர்கள் எல்லாம் இருந்தன. அண்ணன் செய்த ஒரே புண்ணியம். சிலிண்டரை மட்டும் லேத்காரரிடம் கொண்டுபோனாள். அவர் அதைக் கடைந்து கொடுத்துவிட்டு, அடுத்த முறை தன் மேல்தாடையை அளவெடுத்துக்கொள்ளச் சொன்னார். கார்பரேட்டரின் நுண்ணிய துளைகளை பல் வேர் சுத்தம் செய்கிற ஊசியால் அவளே குடைந்தாள். எஞ்சின் தலையையும் மூடிகளையும், பல்லுக்கு மெருகேற்றும் சக்கரத்தில் வைத்து மெருகேற்றினாள். மெருகுத் தூள் உள்ளே போய்விடாமல் எல்லாச் சின்னத் துளைகளையும், பல் அச்செடுக்கிற ரப்பர் மாவால் முதலில் அடைத்துக்கொண்டாள். ஒரு வாரத்துக்கு அந்த வீட்டில் பல் எது, எஞ்சின் எது என்று தெரியாதபடி எல்லாம் ஒரே பளபளப்பாகக் கிடந்தது.

வண்டியைத் தனக்கு ஏற்றபடி மாற்றுவதில்தான் அவள் தொழில் முழுசாக வெளியே வந்தது. யாரும் கடையில் வாங்கிய பல்லைப் போட்டுக்கொள்வதில்லை, அளவெடுத்துத்தான் கட்டுகிறார்கள். வண்டிக்கு மட்டும் ஏன் வேறு நியாயம் என்று அவள் யோசித்தாள். இடது காலில் செருப்பை மாட்டி, பிசைந்த மாவில் மிதித்து, அந்தப் பள்ளத்துக்குப் பொருத்தமாகப் பிரேக் மிதியில் ஒரு அகலத் தகடு செய்தாள். குதிகால் தானாக அதில் போய் உட்காரும். அப்படியே இரண்டு கை முஷ்டியையும் அச்செடுத்து, கைப்பிடிகளைப் பல் செட் பிளாஸ்டிக்கில் வார்த்தாள். வீட்டில் அதிகமாக இருந்தது ஈறு நிறம்தான். வார்த்து எடுத்தபோது இரண்டும் நல்ல இளஞ்சிவப்பில், ஆரோக்கியமாக இருந்தன.

கல்லூரியிலிருந்து வந்த மகள் பையைக்கூட இறக்காமல் பார்த்தாள். “அம்மா, வண்டிக்கு ஈறு முளைச்சிருக்கு.”

“பல்லும் வரும், போய் முகம் கழுவு.”

“பல்லு வந்தா முதல்ல அப்பாவத்தான் கடிக்கும். அவர்தான் அது மேல சட்டையைக் காயப்போடறாரு.”

இருக்கை கணவனின் பங்கு. வாடிக்கையாளர் வீட்டு ஜன்னலை அளப்பதுபோல் அவளை நிற்கவைத்து அளந்தான். பஞ்சை நடுவில் ஒடுக்கி, இரண்டு பாதமும் தரையில் பதியும்படி செதுக்கி, கறுப்பு ரெக்சினில் இரட்டைத் தையல் போட்டான். நன்றாகத்தான் வந்தது. ஓரத்தில் சின்னதாக ஒரு சுருக்கம் வைத்துவிட்டான்; கைப்பழக்கம். அதைப் பிரிக்க வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

சக்கரம் மாட்டிய நாளிலிருந்து தினமும் சாயங்காலம் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி அதில் ஏறி உட்கார்ந்துவிடுவாள். முதல் கியருக்கு மேலே தூக்கு, மற்ற மூன்றுக்கும் கீழே மிதி. எஞ்சின் செத்துக்கிடக்கும், பின்சக்கரத்தைக் கணவன் கையால் சுற்றுவான், அவள் வாய்க்குள் ஒண்ணு, ரெண்டு என்று எண்ணிக்கொண்டு முன்னறையிலேயே பயணம் போவாள். மகள் சோபாவில் படித்தபடி, பக்கத்து ஊர் வந்தால் சொல்லும்படி கேட்டுக்கொள்வாள். இத்தனை வருஷம் கியர் வண்டி ஓட்டாதது இப்போது லாபமாயிற்று. இடது காலில் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிற எந்தப் பழக்கமும் அவளிடம் இல்லை.

பத்தாவது மாதம் அண்ணனின் போன் வந்தது. குரலில் உற்சாகம். அடுத்த மாதம் வருகிறானாம். பழைய வண்டிகளைச் சேகரிக்கும் ஒரு பெரியவரைச் சந்தித்தானாம். அவர் கண்ணாடிச் சுவர் வைத்த கூடத்தில் நாற்பது வண்டி நிறுத்தியிருக்கிறாராம். அவருக்கு இதைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டானாம். உதிரியாக இருந்தாலே போதும் என்றவர், பூட்டியிருக்கிறது என்று கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டாராம். சனிக்கிழமை அவன் வருவான், திங்கட்கிழமை அவர் ஆள் வண்டியை ஏற்றிக்கொள்ள வருவான்.

அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அதுவரை எஞ்சின் ஒரு மூச்சுகூட விட்டதில்லை. ஓடாத வண்டியை, ஓட்டத் தெரியாத நான், எனக்கு வேண்டும் என்று எந்த வாயால் கேட்பது? அவனுடைய வண்டி, அவன் யாருக்கும் கொடுக்கலாம். “வா, வந்து பாரு” என்று மட்டும் சொல்லி வைத்தாள். கணவன், தானே பேசிவிடட்டுமா என்று கேட்டதற்கு, பேசினால் அந்த ரெக்சினைப் பிரித்துப் போடுவேன் என்றாள். அவள் மிரட்டுவது அபூர்வம். அவன் பேசவில்லை.

அண்ணன் வருவதற்கு ஐந்து நாள் இருக்கும்போது வண்டியை வெளியே உருட்டினார்கள். குடியிருப்பின் பின்னால், எல்லாரும் துணி காயப்போடுகிற நீண்ட சிமெண்ட் தரை. மெதுவாக உதைத்து பிஸ்டன் மேலே வரும் இடத்தைக் காலால் தேடி, அதைத் துளி தாண்டவைத்து, பிறகு முழு உடம்பையும் இறக்க வேண்டும். கையேடு இதற்கு ஒன்றரைப் பக்கம் செலவழித்திருந்தது. முதல் ஒன்பது உதைக்கு ஒன்றுமில்லை. பத்தாவதுக்கு ஒரு இருமல். மகள், வண்டிக்குச் சளி என்றாள். அடுத்த உதைக்கு அது பிடித்துக்கொண்டது.

தரை அதிர்ந்தது. கொடியில் இருந்த உள்பாவாடைகள் அதிர்ந்தன. ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, யாரோ நிதானமாகக் கதவைத் தட்டுவதுபோல் கேட்டது. கணவன் கையிலிருந்த துணியைத் தலைக்கு மேல் சுற்றினான். தான் என்ன செய்கிறோம் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. மகள் படம் எடுக்க மறந்துபோய்ப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செட்டக்கா சிரிக்கவில்லை, காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். எஞ்சினின் உச்சியிலிருந்து ஒரு சத்தம்: டிக், டிக், டிக். வறண்ட சத்தம். மூன்றாவது நிமிஷத்தில் அவள் வண்டியை அணைத்தாள்.

மேலே எண்ணெய் போகவில்லை. எண்ணெய் இல்லாமல் ஓடினால் வால்வைத் தட்டுகிற கைகள் தேய்ந்து கெட்டுப்போகும். அந்தப் பாகம் தேடிக் கிடைக்க மாதக்கணக்காகும். அவளிடம் இருந்தது ஐந்து நாள். எண்ணெய்க் குழாயை எஞ்சின் தலையிலிருந்து கழற்றிவிட்டு உதைத்தாள். குழாயின் நுனியில் எண்ணெய் நன்றாகவே வந்தது. பம்ப் சரி, குழாய் சரி. பிறகு எங்கே நிற்கிறது? இரண்டு நாள் கையேட்டைத் தலைகீழாகப் படித்தாள். பல் வேலை தேங்கியது. மேல்வரிசை இல்லாத ஒருவர் கஞ்சியோடு காத்திருப்பதாக மருத்துவர் போன் செய்தார்.

மூன்றாம் நாள், கணவன் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, எதையோ கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்டான்.

“அந்த ஓட்டைக்குள்ள நீ எதாச்சும் வெச்சு அடைச்சியா?”

“அடைச்சதெல்லாம் எடுத்தாச்சு. நான் என்ன சின்னப் பிள்ளையா?”

சொன்னவள் அப்படியே நின்றாள். பிறகு பின்னறைக்குப் போய், சொத்தைப் பல்லைக் குத்திப் பார்க்கும் வளைந்த ஊசியை எடுத்துவந்தாள். எஞ்சின் தலையில், எண்ணெய் நுழையும் வாயின் உட்சுவரில், பளபளவென்றிருந்த இடத்தில் தட்டினாள். டிங். கொஞ்சம் தள்ளித் தட்டினாள். டிங். இன்னும் கொஞ்சம் தள்ளிக் குத்தியதும் ஊசி சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது, சொத்தையில் இறங்குவதுபோல.

பல் கட்டுபவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. வாயின் சுண்ணாம்பு அச்சில் பள்ளம் இருந்தால், செய்கிற பல் செட் அதில் சிக்கிக்கொண்டு வெளியே வராது. அதனால் முதலில் பள்ளங்களை அடைத்து, விளிம்பை வழித்துச் சமமாக்குவார்கள். செட் வெளியே வந்ததும் அச்சை உடைத்துக் குப்பையில் போடுவார்கள். அடைத்ததை மறுபடி திறப்பது என்று ஒரு கட்டமே அந்தத் தொழிலில் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக அவள் கை அடைக்கத்தான் கற்றிருந்தது. வெளியே துருத்திக்கொண்டிருந்த அடைப்புகளை எல்லாம் கண் பார்த்து எடுத்துவிட்டாள். இந்த ஒன்றைக் கை தன் போக்கில் கத்தியால் வழித்துச் சமமாக்கி, உலோகத்தோடு சேர்த்து மெருகும் ஏற்றிவிட்டது. மாவின் நிறமும் அலுமினியச் சாம்பல். அவ்வளவு சுத்தமான வேலை. கொஞ்சம் மோசமாகச் செய்திருந்தால் அன்றைக்கே கண்ணில் பட்டிருக்கும்.

அவள் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கணவனுக்குப் பயமாகிவிட்டது. அவள் ஊசி நுனியில் குத்தி எடுத்த சாம்பல் உருண்டையைக் காட்டி, “உன் கேள்விக்கு இந்தா பதில்” என்றாள். அவன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு எஞ்சினைப் பழுது பார்த்த பெருமையோடு டீயைத் தானே குடித்துவிட்டான். வால்வைத் தட்டும் கைகளில் ஒன்றில் மட்டும் மெல்லிய கீறல். அதை அவள் மெருகுச் சக்கரத்தில் அரைமணி நேரத்தில் சரிசெய்தாள். சாயங்காலம் எஞ்சின் ஓடியபோது டிக் சத்தம் இல்லை. மறுநாள் மேல்வரிசையும் போய்ச் சேர்ந்தது.

சனிக்கிழமை காலை அண்ணன் வந்தான். தலை நரைத்திருந்தது, வயிறு கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. பெட்டியை வைத்ததும் பின்பக்கம் போனான். வண்டியை இரண்டு சுற்று சுற்றிவந்தான். குனிந்து ஒரு நட்டைத் தொட்டான். ஏழு பெட்டியில் அவன் போட்டுவைத்த குப்பை இது என்பதை அவன் மனம் ஒத்துக்கொள்ள நேரம் ஆயிற்று. கைப்பிடிகளைப் பார்த்ததும்தான் பேச்சு வந்தது; இதை மட்டும் மாற்றிவிட வேண்டும், பெரியவர் பார்த்தால் மயங்கி விழுந்துவிடுவார் என்றான். பிறகு, ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஏறிக்கொண்டான்.

“அண்ணா, கியர் வலது பக்கம்” என்றாள் அவள்.

“தெரியும்மா. கழட்டினவனே நான்தானே.”

தெரிந்தது அவனுக்கு. காலுக்குத் தெரியவில்லை. முப்பது வருஷமாக வலது கால் பிரேக் பிடித்துப் பழகியது. கிளம்பியது நன்றாகத்தான் கிளம்பினான். தரையின் கடைசியில் திரும்ப வேண்டிய இடத்தில் வலது காலால் ஓங்கி மிதித்தான். வண்டி நிற்பதற்குப் பதிலாக இரண்டாவது கியருக்குப் போனது. இன்னும் பலமாக மிதித்தான். மூன்றாவதுக்குப் போனது. மாடி வீட்டுக்காரம்மா அப்போதுதான் காயப்போட்டிருந்த ஆறு போர்வைகளுக்குள் வண்டியும் அவனும் மறைந்தார்கள். கொடி அறுந்தது, எஞ்சின் நின்றது. ஈரப் போர்வைக்குள் ஒரு உருவம் வெளியே வரும் வழியைத் தேடிக்கொண்டிருந்தது.

மாடி ஜன்னல் திறந்தது. “அது பூப்போட்ட செட்டு, கறை பட்டா போகாது” என்றாள் மாடி வீட்டுக்காரம்மா. ஆள் பிழைத்தானா என்பதைப் பிறகுதான் கேட்டாள்.

வண்டிக்கு ஒன்றுமில்லை, போர்வைகள் தாங்கிவிட்டன. அண்ணனுக்கும் முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். மகள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. அண்ணன் தலையில் போர்வையோடு, இது என்ன கோமாளித்தனமான அமைப்பு, இதை எந்த மனிதன் ஓட்டுவான் என்று கேட்டான்.

செட்டக்கா வண்டியை நிமிர்த்தினாள், ஈறு நிறக் கைப்பிடியில் ஒட்டிய சோப்புத் தண்ணீரைத் துடைத்தாள், ஏறினாள். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. உதைத்தாள், இரண்டாவது உதைக்குப் பிடித்தது. வலது பாதத்தை மேலே தூக்கினாள். முன்னறையில் ஆயிரம் முறை எங்கும் போகாமல் செய்ததைச் செய்தாள், இந்த முறை சிமெண்ட் தரை பின்னால் நகர்ந்தது. கடைசியில் குதிகால் தகட்டில் உட்கார்ந்தது, தொடை அழுத்தியது, வேகம் குறைந்தது, வளைந்தாள். இன்னொரு சுற்று. போர்வையை ஒதுக்கிக்கொண்டு அண்ணன் அவளையே பார்த்தான். முதல் சுற்றில் முகத்தைப் பார்த்தவன் இரண்டாவது சுற்றில் காலைப் பார்த்தான். அவள் பக்கத்தில் வந்து நிறுத்தியபோது, சிராய்ப்பைத் தேய்ப்பதை நிறுத்தியிருந்தான்.

“உனக்கு மடங்காத கால் இடதுதானே” என்றான் மெதுவாக.

“ஆமா.”

“இது உனக்கு எப்பத் தெரியும்?”

“வாஷிங் மெஷின் வந்த அன்னிக்கு.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

அவள் யோசித்தாள். நீண்ட பதில் ஒன்று இருந்தது, அது எஞ்சின் சத்தத்தில் பேசக்கூடியதல்ல. “சொன்னா நீ குடுத்திருப்ப” என்றாள். அது அவனுக்குப் புரிந்ததா என்பது சந்தேகம். ஆனால் அவன் போர்வையைக் கணவன் கையில் திணித்துவிட்டுப் போனை எடுத்தான். பெரியவரிடம் வணக்கம் சொன்னான், உடல்நலம் விசாரித்தான், மன்னிப்புக் கேட்டான். அந்தப் பக்கம் நீண்ட நேரம் பேசினார்கள். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு, “இல்லைங்க, அது கிடைக்காது. ஓடிட்டிருக்கு” என்றான். வைத்துவிட்டு, திங்கட்கிழமை யாரும் வரமாட்டார்கள் என்றான். கைப்பிடி நிறத்தைப் பற்றி மட்டும் தன் கருத்து மாறவில்லை என்றும் சொன்னான்.

கணவன் அவள் தலைக்கவசத்தின் பட்டையை மாட்டிவிட்டான். எப்படி ஓட்டினேன் என்று அவள் கேட்டாள். வளைவில் கொஞ்சம் தயங்கினாய், மற்றபடி பரவாயில்லை என்றான். இரண்டு மடங்கு சுருக்கம் வைக்கிறவன் அன்று தட்டையாகத் தைத்தான். கண் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை.

கேட்டைத் தாண்டி ஒரு ஐந்து நிமிஷம் போய்வருவதாகச் சொல்லிக் கிளம்பினாள். தெருமுனை சிக்னலில் வண்டி நின்றுபோனது. பின்னால் ஒரு பேருந்து. ஓட்டுநர் ஹாரனில் கை வைக்காமல் எட்டிப் பார்த்தார். அவள் பிஸ்டனின் இடத்தைக் காலால் தேடினாள், துளி தாண்டவைத்தாள், முழு உடம்பையும் இறக்கினாள். பிடித்துக்கொண்டது. பெரிய சாலை. மூன்றாவது கியர், பிறகு நான்காவது. அடிகள் விலகி விலகி விழுந்தன, காற்று சட்டைக் கைக்குள் புகுந்து தோள்வரை ஏறியது. வாய்க்குள் எண்ணுவதை எப்போது நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது.

பாலத்துக்கு அப்பால்தான் ஒன்று நினைவுக்கு வந்தது. சாலையில் முழுசாகத் திரும்புவதை முன்னறையில் பழகவில்லை. சோபா இடம் விட்டதில்லை. குறுகலான இடத்தில் திருப்பி விழுந்துவைப்பானேன்? அகலமான இடம் வரட்டும், அங்கே திரும்பிக்கொள்ளலாம் என்று முடிவு செய்து நேராகப் போனாள்.

அகலமான இடம் மூன்று முறை வந்தது.